தன் இதயத்துக்குள் தானே குழாய் விட்ட டாக்டர்! ஆஞ்சியோவுக்கு வழி திறந்த வெர்னர் ஃபோர்ஸ்மன் யார்?

நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் இசிஜி, எக்கோ, அப்புறம் தேவைப்பட்டால் ஆஞ்சியோ. இந்த வரிசை இன்று பல குடும்பங்களுக்கு மனப்பாடம். மணிக்கட்டு வழியாகவோ தொடை வழியாகவோ மெல்லிய குழாயை விட்டு, மருந்து செலுத்தி, எக்ஸ்ரே எடுத்து, எந்த ரத்தக்குழாயில் அடைப்பு என்று திரையிலேயே காட்டிவிடுகிறார்கள்.

ஆனால் சுமார் 100 ஆண்டுகளுக்கு முன்பு நிலைமையே வேறு. உயிரோடு இருக்கும் மனிதரின் இதயத்துக்குள் குழாய் விட்டால் ஆள் செத்துப்போவார் என்றுதான் பெரும்பாலான டாக்டர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை உடைத்தது ஒரே ஒரு எக்ஸ்ரே படம். அந்தப் படத்தில் இருப்பது அதை எடுக்க வைத்த டாக்டரின் சொந்த இதயம். அவர் பெயர் வெர்னர் ஃபோர்ஸ்மன்.

நோபல் பரிசு வாங்கியவர்தான். ஆனால் பரிசு வருவதற்குள் 27 ஆண்டுகள் ஓடிவிட்டன. நடுவில் வேலை போனது, துறை மாறியது, நாஜிக் கட்சி உறுப்பினர் என்ற கறையும் சேர்ந்தது. அவரது கதையை முழுசாகப் பார்ப்போம்.

யார் இந்த ஃபோர்ஸ்மன்?

1904 ஆகஸ்ட் 29 அன்று பெர்லினில் பிறந்தார். வீட்டுக்கு ஒரே பிள்ளை. தந்தை வழக்கறிஞர். முதல் உலகப் போரில் தந்தை இறந்துவிட, தாயும் பாட்டியும்தான் வளர்த்தார்கள். 1922-ல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சேர்ந்து, 1929-ல் தேர்வு முடித்தார்.

அதன்பிறகு பெர்லினுக்கு வடகிழக்கே உள்ள எபர்ஸ்வால்டே என்ற சிறு ஊரின் ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டராகச் சேர்ந்தார். அங்கே தலைமை அறுவை சிகிச்சை நிபுணர் ரிச்சர்ட் ஷ்னைடர். ஃபோர்ஸ்மன் குடும்பத்துக்குத் தெரிந்தவர்.

படிக்கும் காலத்திலேயே ஒரு படம் அவர் மனதில் ஒட்டிக்கொண்டிருந்தது. 19-ம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஒரு குதிரையின் கழுத்துச் சிரை வழியாக இதயத்துக்குள் குழாய் விட்டு, உள்ளே இருக்கும் அழுத்தத்தை அளந்த காட்சி அது. குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை. குதிரைக்கு ஆகாதது மனிதனுக்கு மட்டும் ஏன் ஆக வேண்டும்? இதுதான் அவரது கேள்வி.

அப்போது என்ன பிரச்னை?

இதயம் நின்றுபோகும் நிலையில் வரும் நோயாளிக்கு, அந்தக் காலத்தில் மார்புக்கு வெளியிலிருந்து நேராக ஊசி குத்தி இதயத்துக்குள் மருந்து செலுத்துவார்கள். ஊசி எங்கே போகிறது என்று தெரியாது. நுரையீரலைக் குத்தலாம். இதயத்தின் மேல் ஓடும் ரத்தக்குழாயைக் கிழிக்கலாம். உயிரைக் காப்பாற்றப் போட்ட ஊசியே உயிரை எடுக்கும் ஆபத்து இருந்தது.

ஃபோர்ஸ்மன் யோசித்த வழி எளிமையானது. முழங்கையின் மடிப்பில் தெரியும் சிரை, மேலே போய்த் தோள்பட்டைக்குக் கீழே பெரிய சிரையுடன் சேர்கிறது. அது கடைசியில் இதயத்தின் வலது மேலறையில் போய் முடிகிறது. ரத்தம் போகும் அதே பாதையில் மெல்லிய வளையும் குழாயைத் தள்ளினால், எதையும் குத்தாமல் கிழிக்காமல் இதயத்துக்குள் போய்விடலாம். வீட்டுக்குப் போகத் தெரு இருக்கும்போது சுவரை ஏன் இடிக்க வேண்டும் என்பது போன்ற யோசனை.

ஷ்னைடரிடம் அனுமதி கேட்டார். நோயாளி மீது செய்யக் கூடாது என்றார் ஷ்னைடர். அப்போ என் மீதே செய்துகொள்கிறேன் என்றார் ஃபோர்ஸ்மன். அதற்கும் முடியாது என்பதே பதில். கணவரை இழந்த தாய்க்கு இருக்கும் ஒரே மகன் வேறு.

அந்த நாளில் என்ன நடந்தது?

அனுமதி இல்லை என்றதும் ஃபோர்ஸ்மன் நிறுத்தவில்லை. முதல் முயற்சியில் சக டாக்டர் ஒருவர் உதவினார். குழாய் 35 சென்டிமீட்டர் உள்ளே போனதும், இதற்கு மேல் ஆபத்து என்று அந்த டாக்டர் விலகிக்கொண்டார். சுமார் ஒரு வாரம் கழித்து ஃபோர்ஸ்மன் தனியாகவே இறங்கினார்.

குழாயும் கருவிகளும் அறுவை அறை நர்ஸ் கெர்டா டிட்சன் பொறுப்பில் இருந்தன. அவரது உதவி இல்லாமல் கிருமி நீக்கிய கருவி எதுவும் கையில் கிடைக்காது. ஃபோர்ஸ்மன் அவரிடம் தன் யோசனையை விளக்கி நம்பிக்கையைப் பெற்றார். சோதனையை என் மீதே செய்யுங்கள் என்று நர்ஸ் முன்வந்தார்.

இங்கேதான் ட்விஸ்ட். நர்ஸை மேஜையில் படுக்க வைத்து, கை கால்களைக் கட்டினார் ஃபோர்ஸ்மன். அவர் கையில் சோதனை தொடங்குவது போலப் பாவனை காட்டினார். மறுபக்கம் திரும்பித் தன் இடது கையை மரத்துப்போகச் செய்து, முழங்கை மடிப்பில் கீறி, சிரைக்குள் குழாயைச் செலுத்தத் தொடங்கினார். விஷயம் நர்ஸுக்குப் புரிந்தபோது பாதி வேலை முடிந்திருந்தது.

பயன்படுத்தியது இதயத்துக்கான குழாய் அல்ல. அப்படி ஒன்று அப்போது உலகத்திலேயே கிடையாது. சிறுநீர்ப் பாதைக்கான மெல்லிய கதீட்டரைத்தான் எடுத்துக்கொண்டார். குழாய் உள்ளே நகர நகர லேசான சூடு தெரிந்தது. கழுத்தெலும்புக்குக் கீழே போனபோது இருமல் வருவது போல இருந்தது. வலி என்று பெரிதாக எதுவும் இல்லை.

அடுத்ததுதான் முக்கியம். குழாய் கையில் தொங்க, படியிறங்கி எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போனார். எக்ஸ்ரே திரையில் தெரிவதைத் தானே பார்ப்பதற்காக எதிரில் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். தகவல் தெரிந்து ஓடிவந்த நண்பர் பீட்டர் ரோமைஸ் குழாயைப் பிடுங்கப் பார்த்தார். ஃபோர்ஸ்மன் அவரை உதைத்துத் தள்ளிவிட்டு, குழாயை மேலும் தள்ளினார். 65 சென்டிமீட்டர் உள்ளே போனதும் அதன் நுனி வலது மேலறைக்குள் தெரிந்தது. உடனே படம் எடுக்கச் செய்தார்.

நர்ஸைக் கட்டிவைத்த கதையும் நண்பரை உதைத்த கதையும் பின்னாளில் அவரே சொல்லி வெளியானவை. 1929-ல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் அந்த நாடகம் எதுவும் இல்லை. அதில் இருந்தவை செய்முறை, அளவு, படம். அவ்வளவுதான்.

படம் ஏன் அவ்வளவு முக்கியம்?

குழாய் இதயத்துக்குப் போய்விட்டது என்று வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? இதற்கு ஒரு சரியான உதாரணம் இருக்கிறது.

1912-லேயே பெர்லினில் ஏர்ன்ஸ்ட் உங்கர், ஃப்ரிட்ஸ் பிளைக்ரோடர் உள்ளிட்ட டாக்டர்கள் ரத்தக்குழாய்களுக்குள் கதீட்டர் விட்டுப் பார்த்திருந்தார்கள். ஃபோர்ஸ்மனின் கட்டுரை வந்ததும், இதை நாங்கள் முதலிலேயே செய்துவிட்டோம் என்று உங்கர் புகார் கிளப்பினார். ஒரு முறை பிளைக்ரோடருக்கு நெஞ்சில் குத்துவது போல இருந்ததால், குழாய் இதயத்தைத் தொட்டிருக்கும் என்பது அவர்களது கணிப்பு. ஆனால் அதைக் காட்ட எக்ஸ்ரே படம் இல்லை. அதனால் அது கணிப்பாகவே நின்றுபோனது.

ஃபோர்ஸ்மனிடம் படம் இருந்தது. தடையை மீறியதற்காகக் கோபப்பட்ட ஷ்னைடரே, படத்தைப் பார்த்ததும் விஷயத்தின் கனத்தைப் புரிந்துகொண்டார். கட்டுரையாக எழுதச் சொன்னார். வெறும் வீரச்செயலாகத் தெரியாமல் சிகிச்சைக்கு உதவும் முறையாக அது தெரிய வேண்டும் என்றும் வழிகாட்டினார்.

குடல்வால் வெடித்து, வயிறு முழுக்கச் சீழ் பரவி, இறக்கும் நிலையில் இருந்த ஒரு பெண் நோயாளிக்கு இதே வழியில் மருந்து செலுத்தப்பட்டது. சிறிது நேரம் முன்னேற்றம் தெரிந்தும் அவர் பிழைக்கவில்லை. அந்த விவரமும் கட்டுரையில் சேர்ந்தது.

1929 நவம்பரில் ஜெர்மன் மருத்துவ வார இதழான கிளினிஷே வோகென்ஷ்ரிஃப்டில் கட்டுரை வெளியானது. அதன் முடிவில் ஃபோர்ஸ்மன் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டியிருந்தார். இந்த முறை மருந்து கொடுக்க மட்டுமல்ல, இதயத்தின் வேலையையும் உடலின் வளர்சிதை மாற்றத்தையும் ஆராய உதவும் என்பதே அது. அதாவது, சாப்பிட்டதையும் சுவாசித்ததையும் உடல் எப்படிச் சக்தியாக மாற்றுகிறது என்பதை இதயத்திலிருந்தே அளக்கலாம். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பாராட்டுக்குப் பதில் வேலை நீக்கம்

கட்டுரை வெளியான சமயத்தில் ஃபோர்ஸ்மன், பெர்லினின் புகழ்பெற்ற ஷாரிட்டே மருத்துவமனையில் சம்பளமில்லாத வேலைக்குச் சேர்ந்திருந்தார். அங்கே தலைவர் ஃபெர்டினாண்ட் சாவர்ப்ரூக். ஜெர்மனியிலேயே பெரிய அறுவை சிகிச்சை நிபுணர். பத்திரிகைகளில் செய்தி பரபரப்பானது. உங்கரின் புகாரும் சேர்ந்துகொண்டது. இது சர்க்கஸ் வித்தை, மரியாதையான மருத்துவமனைக்கு ஒத்துவராது என்பதுதான் சாவர்ப்ரூக்கின் எண்ணம். ஃபோர்ஸ்மன் வெளியே அனுப்பப்பட்டார்.

எபர்ஸ்வால்டேக்குத் திரும்பியும் அவர் சும்மா இருக்கவில்லை. அடுத்த கேள்வி இன்னும் பெரியது. குழாய் உள்ளே போவது படத்தில் தெரிகிறது, சரி. இதயத்தின் உள்பக்கம் ஏன் தெரியவில்லை?

காரணம் இதுதான். எலும்பு எக்ஸ்ரே கதிர்களை அதிகம் தடுக்கும். அதனால் வெள்ளையாகத் தெரியும். ரத்தமும் இதயத் தசையும் கதிர்களைக் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் தடுக்கின்றன. அதனால் அறை எது, சுவர் எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. ரத்தத்தில் அயோடின் கலந்த மருந்து சேர்ந்தால், அது கதிர்களைத் தடுத்து, ரத்தம் ஓடும் இடத்தை மட்டும் பளிச்சென்று காட்டும். இன்று ஆஞ்சியோவில் போடும் கான்ட்ராஸ்ட் மருந்தின் அடிப்படையும் இதேதான்.

ஃபோர்ஸ்மன் முதலில் முயல்களிடம் சோதித்தார். பலன் கிடைக்கவில்லை. பிறகு நாய்கள். நாய்களை வைத்துக்கொள்ள ஆய்வகத்தில் இடம் இல்லாததால், பெர்லினில் இருந்த தாயின் வீடுதான் அவற்றுக்குக் கூடாரம். நாய்களின் வலது இதயமும், நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயும் படத்தில் தெரிந்தன. அப்புறம் வழக்கம் போலத் தன் மீதே சோதனை. மருந்தைத் தன் இதயத்துக்குள்ளேயே செலுத்திக்கொண்டார். உயிருக்கு ஆபத்து வரவில்லை. ஆனால் அன்றைய எக்ஸ்ரே கருவிகளுக்கு வேகம் போதவில்லை. படம் தெளிவாக விழவில்லை. 1931-ல் இதைப் பற்றியும் கட்டுரை வெளியிட்டார். வரவேற்பு இல்லை.

நாஜிக் கட்சி, போர், சிறை

இதய ஆராய்ச்சியில் தனக்கு இடமில்லை என்று புரிந்ததும் சிறுநீரகவியல் பக்கம் போனார். முதல் சோதனைக்குக் குழாய் கொடுத்த அதே துறை. 1933-ல் எல்ஸ்பெட் எங்கெல் என்ற டாக்டரைத் திருமணம் செய்தார். அவரும் பின்னாளில் சிறுநீரகவியல் படித்தவர். இவர்களுக்கு ஆறு பிள்ளைகள்.

அவரது வாழ்க்கையில் மறைக்க முடியாத பகுதி இனிதான். 1932-ல், ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு முன்பே, ஃபோர்ஸ்மன் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் ராணுவ டாக்டராகப் பணியாற்றினார். போர் முடியும் நேரத்தில் அமெரிக்கப் படையிடம் போர்க் கைதியானார்.

விடுதலையாகி வந்ததும், கட்சி உறுப்பினராக இருந்த காரணத்தால் மருத்துவம் பார்க்கத் தடை. சில காலம் மரம் வெட்டும் வேலை. தென்மேற்கு ஜெர்மனியின் கருங்காடு மலைப்பகுதியில் உள்ள ஒரு கிராமத்தில் மனைவி டாக்டராக இருந்து குடும்பத்தைத் தாங்கினார். பிறகு 1950-ல் பாட் க்ரோய்ஸ்நாக் என்ற ஊரில் சிறுநீரக டாக்டராக மீண்டும் வேலையைத் தொடங்கினார்.

கடல் தாண்டி நடந்தது என்ன?

ஃபோர்ஸ்மன் ராணுவ உடையில் இருந்த அதே காலத்தில், நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் அவரது 1929 கட்டுரையை இரண்டு பேர் கையில் எடுத்திருந்தார்கள். ஒருவர் பிரான்ஸில் பிறந்த ஆந்த்ரே கூர்னான். இன்னொருவர் டிக்கின்சன் ரிச்சர்ட்ஸ்.

இதயம் ஒரு நிமிடத்தில் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது? இதை அளக்க 1870-லேயே அடால்ஃப் ஃபிக் ஒரு கணக்கு சொல்லியிருந்தார். ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவரின் உடல் நிமிடத்துக்கு 250 மில்லி ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. இதயத்திலிருந்து கிளம்பும் 1 லிட்டர் ரத்தத்தில் 200 மில்லி ஆக்சிஜன். உடல் முழுக்கச் சுற்றித் திரும்பி வரும் 1 லிட்டரில் 150 மில்லி. அப்படியானால் ஒவ்வொரு லிட்டரும் 50 மில்லியைக் கொடுத்துவிட்டு வருகிறது. 250-ஐ 50-ஆல் வகுத்தால் 5. இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது.

கணக்கு சுலபம்தான். சிக்கல் என்னன்னா, திரும்பி வரும் ரத்தம் முழுசாகக் கலந்திருக்கும் இடம் இதயத்தின் வலது பக்கம். அங்கே போய் ரத்தம் எடுக்க வழி இல்லாமல் இந்தக் கணக்கு மனிதர்களிடம் சரியாகப் பயன்படாமல் கிடந்தது. ஃபோர்ஸ்மனின் குழாய் அந்த வழியைத் திறந்துவிட்டது.

கூர்னானும் ரிச்சர்ட்ஸும் முதலில் விலங்குகளிடம் செய்து பார்த்தார்கள். 1940-களின் தொடக்கத்தில் நோயாளிகளிடம் தொடங்கினார்கள். போர்க்காலத்தில், கடும் காயத்தால் அதிர்ச்சி நிலைக்குப் போகும் நோயாளிகளின் ரத்த ஓட்டத்தை அளந்தார்கள். பிறகு பிறவி இதயக் கோளாறுகள், நுரையீரல் நோய்கள் என்று வேலை விரிந்தது.

1940-களிலேயே இன்னொரு அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் பிங், இதயத் தசையிலிருந்து திரும்பும் ரத்தம் சேரும் சிரைக்குள் கதீட்டரைச் செலுத்தினார். இதயத்துக்கு உள்ளே போகும் ரத்தத்தில் எவ்வளவு குளுக்கோஸ், கொழுப்பு அமிலம் இருக்கிறது, வெளியே வரும்போது எவ்வளவு மிச்சம் என்று ஒப்பிட்டால், இதயம் எதை எரிபொருளாக எடுக்கிறது என்பது தெரியும். 1929 கட்டுரையின் கடைசியில் ஃபோர்ஸ்மன் சுட்டிக்காட்டிய வளர்சிதை மாற்ற ஆராய்ச்சி இப்படித்தான் நிஜமானது.

இதன் தொடர்ச்சி இன்றும் இருக்கிறது. பெட் ஸ்கேனில், கதிரியக்க அடையாளம் சேர்த்த குளுக்கோஸைச் செலுத்தி, இதயத் தசையின் எந்தப் பகுதி அதை எடுத்துக்கொள்கிறது என்று படமாகவே பார்க்கிறார்கள். எடுத்துக்கொள்ளும் தசைக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். சர்க்கரை நோய் நரம்புகளைப் பாதித்திருந்தால், அடைப்பு இருந்தும் நெஞ்சு வலி தெரியாமல் போகலாம். அப்படிப்பட்டவர்களுக்கு இதயத்தின் நிலையைச் சொல்வதில் படப் பரிசோதனைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

நோபல் வந்தபோது என்ன செய்துகொண்டிருந்தார்?

1956-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கூர்னான், ரிச்சர்ட்ஸ், ஃபோர்ஸ்மன் மூவருக்கும் அறிவிக்கப்பட்டது. முதல் இருவரும் பெயர்பெற்ற பேராசிரியர்கள். மூன்றாமவர் ஒரு சிறு ஊரில் சிறுநீரக நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டுபிடிப்பின் மொத்தப் பயனையும் வேறு நாட்டில் வேறு ஆட்கள் வளர்த்துவிட்டிருந்தார்கள். அந்தத் துறை எங்கேயோ போய்விட்டது. மறுபடி உள்ளே நுழையும் அளவுக்கு அவருக்கு அதில் பழக்கமும் இல்லை. 1958 முதல் டுசல்டோர்ஃப் நகரில் அறுவை சிகிச்சைப் பிரிவின் தலைவராக வேலை பார்த்தார்.

அதே 1958-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் என்ற டாக்டர் சோதனை செய்யும்போது, கான்ட்ராஸ்ட் மருந்து தவறுதலாக நேராக இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கும் தமனிக்குள் போய்விட்டது. நோயாளி பிழைத்தார். அந்தத் தமனி படத்தில் தெளிவாக விழுந்தது. இன்றைய கரோனரி ஆஞ்சியோகிராம் அங்கே பிறந்தது. 1977-ல் சூரிக்கில் அன்ட்ரியாஸ் க்ரூன்ட்சிக், நுனியில் பலூன் பொருத்திய குழாயால் அடைப்பையே விரித்துவிட்டார். அதாவது ஆஞ்சியோபிளாஸ்டி.

ஒரு வித்தியாசத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஃபோர்ஸ்மன் போனது சிரை வழியாக, இதயத்தின் வலது பக்கத்துக்கு. இன்று அடைப்பைப் பார்க்கும் ஆஞ்சியோ போவது தமனி வழியாக. பாதை வேறு. ஆனால் குழாயை உள்ளே விட்டால் மனிதன் சாகமாட்டான் என்று படத்தோடு காட்டியது அவர்தான்.

அவரை எப்படிப் பார்ப்பது?

துணிச்சல் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. ஆபத்தைத் தன் உடம்பிலேயே ஏற்றுக்கொண்டார், உண்மைதான். ஆனால் நம்பி வந்த நர்ஸை ஏமாற்றினார். தலைமை டாக்டரின் தடையை மீறினார். 1947-ல் நாஜி டாக்டர்கள் மீதான வழக்கின் தீர்ப்பில் இடம்பெற்ற நியூரம்பெர்க் நெறிமுறை, மனிதர்கள் மீதான சோதனைக்கு அவர்களின் விருப்பமான சம்மதமே முதல் விதி என்று சொன்னது. இன்று நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் இப்படி ஒரு சோதனையை யாரும் செய்துவிட முடியாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு பெரிய டாக்டர் சர்க்கஸ் என்று ஒதுக்கிய விஷயம், ஜெர்மனியில் பத்தாண்டுகளுக்கு மேல் கிடப்பில் கிடந்தது. அந்த ஆண்டுகளில் பயன்பட்டிருக்க வேண்டிய ஒரு வழி மூடியே இருந்தது. கட்டுரையும் படமும் அச்சில் இருந்ததால்தான், கடல் தாண்டி இருந்த இருவரால் அதைச் சரிபார்த்து, முறைப்படுத்தி, நோயாளிகளிடம் கொண்டுபோக முடிந்தது.

1979 ஜூன் 1 அன்று, 74 வயதில், ஜெர்மனியின் ஷோப்ஃபைம் நகரில் ஃபோர்ஸ்மன் காலமானார். இறப்புக்குக் காரணம் இதய நோய். அதற்குள் ஆஞ்சியோகிராம் பல நாடுகளில் வழக்கமான பரிசோதனையாக மாறியிருந்தது. முதல் ஆஞ்சியோபிளாஸ்டி நடந்து இரண்டு ஆண்டுகள்கூட முழுசாக முடிந்திருக்கவில்லை.